திட்டு விழாத பதினோரு நாள்

குளித்துவிட்டு வந்த பாடலாசிரியர், ஈரத் துண்டை மெத்தையின் நட்டநடுவில் தலையணையும் நனையும்படி விரித்துப் போட்டார்.

போட்டுவிட்டு, நோட்டும் பேனாவுமாக நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மனைவி வந்தாள். பார்த்தாள். துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். போய்விட்டாள்.

ஒரு சொல் இல்லை. அட, ஒரு முறைப்புகூட இல்லை!

இன்றோடு பதினோரு நாள்.

மனிதர் இருபது வருடமாகச் சோப்புக்கும் பெயின்டுக்கும் விளம்பர வரி எழுதியவர். பேரைச் சொன்னால் எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது. போன வருடம் ஒரு டி.வி. காமெடித் தொடருக்கு டைட்டில் பாட்டு கேட்டார்கள். வெறும் நாற்பது வினாடி. ஒரு வாரம் மண்டையை உடைத்தும் ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போனதற்காக மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். வாங்கின திட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

காதிருக்கு கேக்கலை, கண்ணிருக்கு பாக்கலை,
காலையில போன மனுசன் கதவைக்கூட சாத்தலை.

தொடர் சுமார்தான். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சலூனில், லிஃப்டில், பல் டாக்டர் வாசலில், எங்கே பார்த்தாலும் அதுதான். பதினோரு நாளைக்கு முன்னால் டி.வி.யில் பேட்டி எடுத்தார்கள். இப்படி வரிகளை எங்கேயிருந்து பிடிக்கிறீர்கள் என்றதற்கு, தானாக வரும் என்றார்.

மனைவி சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அன்றைக்கு மூடின வாய்தான்.

இப்போது கம்பெனிக்காரர்கள் அதையே மூன்று நிமிடத் தனிப்பாட்டாக வெளியிடப் போகிறார்கள். இரண்டு சரணம் வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வார்கள். பிறகு ஊர் வாயில் நிற்பது அந்த ஆளின் பேர்தான்.

அவரும் ஒரு வழியையும் விட்டுவைக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டார். செருப்போடு ஹாலில் நடந்தார். மைத்துனியின் பிறந்தநாளை மறந்ததுபோல் நடித்தார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவளிடமிருந்து ஒரு திட்டு வாங்க முடியவில்லை.

நாலு மணிக்கு போன் அடித்தது. இசையமைப்பாளர். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, அண்ணி அனுப்பின ரெண்டு சரணத்தையும் இப்பத்தான் பாடிப் பாத்தோம். பின்னிட்டாங்க!”

பாடியும் காட்டினான்.

பேசாம இருந்து பாத்தேன், பெரிசாச்சு வீடு எனக்கு,
பெருக்கித் துடைச்ச மூலையில பாட்டு ஒண்ணு உக்காந்திருக்கு.

அதில் திட்டே இல்லை. தேடிப் பார்த்தால் அவரும் இல்லை. பதினோரு நாளும் கோபம் என்று நினைத்திருந்தார். எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“பல்லவி உங்க பேர்ல, சரணம் அண்ணி பேர்ல. அப்படியே போட்டுரலாமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை அண்ணிதான் கேக்கச் சொன்னாங்க. சரிதானேண்ணே?”

மனைவி மடித்த துணிகளோடு கதவருகே நின்றிருந்தாள். பதினோரு நாளில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பல்லவி யாருடையது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தொண்டையைக் கனைத்தார்.

“சரிதான் தம்பி. போட்டுருங்க” என்றார்.

அவள் துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு போனுக்குப் பக்கத்தில் வந்தாள். குரலில் கோபமே இல்லை.

“கேட்டீங்களா தம்பி?”



“கேட்டேன் அண்ணி. நீங்க சொன்ன மாதிரியேதான் சொல்றாரு.”