பதினேழாம் நம்பர் தழும்பு

"பதினேழாம் நம்பருக்குப் பத்துக்கு மூணு. கன்னத்தைத் தைக்கச் சொன்னா சாக்குமூட்டையைத் தைச்சு வெச்சிருக்காங்க," என்றார் பிளாஸ்டிக் சர்ஜரி துறைத் தலைவர்.

பயிற்சி டாக்டர் மார்க்கைக் குறித்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்காக எடுத்த தழும்புப் படங்களில் எண்கள் மட்டும்தான் இருந்தன. தைத்தவர்களின் பெயர்கள் ஒட்டிய உறைக்குள் இருந்தன. ஆனாலும் அந்தக் கோணல் தன் கைவரிசைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இருபதாம் நம்பரைப் பாரும்மா. தழும்பைத் தேட வேண்டியிருக்கு. ஒன்பது போடு."

எல்லாப் படங்களுக்கும் மார்க் போட்டு முடிந்ததும் அவள் உறையைப் பிரித்தாள். பட்டியலில் முதலில் பதினேழைத் தேடினாள்.

"பதினேழு யாரு?"

"சார்... நீங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"மூணே அதிகம்தான். மாத்தாதே, அப்படியே இருக்கட்டும். இருபது யாரு?"

"நான், சார்."

அவர் எழுந்து கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார்.

"நாளைக்குத் தையல் வகுப்பை நீ எடும்மா. முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை."