"லோர்னா"வின் முறை

"கப்பலின் அடித்தட்டில் தீ. கொள்ளைக்காரர்கள் ஏணி வழியாக ஏறி வருகிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் மூழ்கிவிடுவோம்" என்று நோலீன் மைக்கில் சொன்னாள். அருகில் நின்ற போலீஸ் சார்ஜென்ட் நிதானமாகத் தேநீரை உறிஞ்சினார்.

நோலீன் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஆஸ்திரேலியாவின் வடகரையில் உள்ள கரும்பா துறையின் ரேடியோ அறையில் மாலைதோறும் நடப்பதுதான் இது. வளைகுடாவில் நிற்கும் மீன்பிடிப் படகுகளை நலம் விசாரித்து, வானிலை சொல்லி முடித்ததும், ஒரு கடல் சாகச நாவலிலிருந்து ஒரு அத்தியாயம் படிப்பாள். பொழுது விடிந்தால் கடல், சாய்ந்தால் கடல் என்று கிடக்கிறவர்களுக்குக் கேட்பதற்கும் கடல் கதைதான் வேண்டும். வேறு எதையாவது எடுத்தால் அன்று அவளுக்கு வசவுதான்.

இந்த நாவலின் நாயகன் ஒரு மீனைக்கூடக் கழுவியதில்லை. ஆனால் சுறாவின் வாயைக் கையாலேயே பிளக்கிறான். "அந்த ஆளை என் படகுல ஒரு நாள் வேலைக்கு விடு, அழுதுகிட்டே ஓடிடுவான்" என்று அவள் கணவன் டெஸ் ரேடியோவிலேயே கிண்டல் செய்வான். மறுநாள் முதல் ஆளாக வந்து, "நேத்து எங்க விட்டே?" என்று கேட்பவனும் அவன்தான்.

அத்தியாயம் முடிந்ததும் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் புரியாது. அதனால் படகுகள் வரிசைப்படி மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்தும். டக், டக். கேட்டோம், நன்றாயிருந்தது என்று அர்த்தம். வரிசையில் கடைசி, டெஸ்ஸின் "லோர்னா".

திடீரென்று அடித்த ஒரு புயலுக்குப் பிறகு "லோர்னா" மட்டும் திரும்பவில்லை. தனியாளாக வஞ்சிரம் பிடிக்கப் போனவன் டெஸ். புயல் ஓய்ந்த மாலை, நோலீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அத்தியாயம் படித்தாள். வரிசையின் கடைசியில், அவன் முறை வந்தபோது, டக், டக்.

"டெஸ்தான்! மைக் நனைஞ்சிருக்கும், பேச முடியல, பொத்தான் மட்டும் வேலை செய்யுது!" என்று சார்ஜென்ட்டைப் பிடித்து உலுக்கினாள். தேடும் விமானம் மறுபடி கிளம்பியது. அதன் பிறகு தினமும் அந்தச் சத்தம் மெலிதாக வந்தது. விமானத்தின் கண்ணில் ஒரு பலகைத் துண்டுகூடப் படவில்லை.

"நீ ஏதாவது கேட்டா பதில் இல்ல. கதைக்கு மட்டும் பதில் வருது" என்றார் சார்ஜென்ட் ஒரு நாள்.

"பேட்டரி அவ்வளவுதான் தாங்கும். அதை அவன் கதைக்குத்தான் வச்சிருப்பான். உங்களுக்கு அவனைத் தெரியாது."

இன்று அந்தப் பேச்சுக்கும் வழியில்லாமல் போயிற்று. கதையைத் தொடங்கும் முன்பே சார்ஜென்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டார்.

"மனசைத் திடப்படுத்திக்கம்மா. காலைல நீ வீட்டுக்குப் போயிருந்தப்ப மெர்வ் ரேடியோவுல கூப்பிட்டான். முதல் நாள் டெஸ் முறைக்குத் தட்டினது நான்தான்னு அழுதான். நீ ஒடைஞ்சு போயிடக் கூடாதுன்னு தட்டினானாம். மேல கேக்கறதுக்குள்ள வச்சுட்டான்."

மெர்வ் டெஸ்ஸின் கூட்டாளி. "கிங்ஃபிஷர்" படகுக்காரன். நோலீன் வீட்டு பீரில் பாதியைக் குடித்தவன் அவன்தான்.

"மத்த நாள்?" என்று கேட்டாள் நோலீன்.

"ஒரு நாள் தட்டினவன் மறுநாள் தட்டாமலா இருப்பான்? விமானத்தைத் திருப்பி அனுப்பச் சொல்றாங்க மேலிடத்துல. நீ ஒரு வார்த்தை சொன்னா தேடறதை நிறுத்திடறேன்."

"கதையை முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். டெஸ் முடிவைக் கேட்க ஆசைப்பட்டான். அதற்காகவாவது படித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

கடைசி அத்தியாயத்தில் கப்பல் வெடித்துச் சிதறுகிறது. எல்லோரும் செத்தான் என்று நினைத்த நாயகன், தலைமுடி கலையாமல் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறான். நோலீனுக்கு ஆத்திரமாக வந்தது. இந்தக் கதைகளில் வருகிற கடல் ரொம்ப நல்ல கடல், விழுங்கிய ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடும். இத்தனை வருஷம் இந்தப் பொய்யையா ஊருக்கெல்லாம் படித்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

புத்தகத்தை மூடினாள். படகுகள் ஒவ்வொன்றாகத் தட்டின. டக், டக். டக், டக். "கிங்ஃபிஷர்" முறை வந்தபோது ரேடியோ வெறுமனே இரைந்தது. அடுத்த படகு தட்டியது. அதற்கடுத்ததும் தட்டியது.

கடைசியாக, மிக மெலிதாக, டக், டக்.

நோலீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் முறைக்குத் தட்ட வெட்கமாம், செத்தவன் முறைக்குத் தட்ட மட்டும் துணிச்சலாம். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மெர்வ், போதும்டா. உன் நல்ல மனசு எனக்கு வேண்டாம். அவன் போயிட்டான். இனிமே அவன் முறைக்குத் தட்டாதே, உன்னைக் கும்பிடறேன்."

மைக்கைக் கீழே வைத்தாள். "நிறுத்தச் சொல்லிடுங்க, சார்ஜென்ட்" என்றாள். அவர் தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். பாதியில் அவர் விரல் நின்றது. அவர் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போயிருந்தது.

நோலீன் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வந்த மெர்வ், சேற்று பூட்ஸோடு, முகம் வெளுத்துப்போய்க் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"நோலீன்… நான் இங்கதானே நிக்கிறேன்."