கழுத்து மடிப்பு

பிரசவமாகி வீடு திரும்பியதிலிருந்து பூங்கோதையிடம் புளித்த வாடை அடிக்கிறதென்று கணவன் தயாளன் முகம் சுளித்துக்கொண்டேயிருந்தான். தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி அவளும் திரும்பத் திரும்ப உடம்பைத் துடைத்து நைட்டியை மாற்றினாள். வாடை போகவில்லை. இன்று பால் கொடுத்தபின் குழந்தையின் மோவாயைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்து மடிப்பில் கக்கிய பால் திரைந்து, தயாளன் தினமும் அப்பிய பவுடரோடு குழைந்து நாறியது. அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது.

“இங்க வந்து பாருங்க.”

மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். “மேல இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டு விட்டுடு.”

அவளுக்கு அவனைப் பார்க்கவே குமட்டியது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவன் கையில் திணித்துவிட்டு, குழந்தையின் மோவாயை மறுபடி தூக்கிப் பிடித்தாள்.

“நீங்க தொடைங்க. அழுத்தாம.”

துணியை இரண்டு விரலால் பிடித்தபடி அவன் நின்றான். மோவாயை ஏந்திய கையை அவள் எடுக்கவில்லை.