குட்பைக்கு என்ன அர்த்தம்?

“இந்த ஒத்த வார்த்தைக்கு என்னா அர்த்தம், டீச்சர்? ஆறுதலுக்காக மாத்திச் சொல்லிராதீக.”

மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் நாகஜோதி செல்போனை நீட்டினாள். பருத்திக் காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அவள் மகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் சுபத்ரா டீச்சர், வெயிலுக்கு முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு பார்த்தார். ‘குட்பை’ என்று மட்டும் இருந்தது. ஓரத்தில் இரண்டு நீல டிக். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

“வீட்டுக்காரரு எங்க இருக்காரு?”

“மஸ்கட்டுல கிரேன் ஓட்டுறாக. மூணு நாளா போனு சுவிட்ச் ஆஃப். கூட இருக்கவுகளக் கேட்டா, ரூமுக்கே வரலைங்கிறாக.”

வெளிநாடு போய் அப்படியே காணாமல் போன புருஷன்மார் பற்றி இரண்டு மூன்று கதைகள் டீச்சருக்குத் தெரியும். அது இவள் தலையிலும் விடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

“ஏதும் சண்டையா?”

“ரெண்டு வருசமா ‘வாரேன், வாரேன்’னாக. இந்தப் பொங்கலுக்கும் லீவு இல்லைன்னுட்டாக. அதுல ஒரு பேச்சு வந்துருச்சு.” அவள் குரல் உடைந்தது. “நம்ம பக்கம் வாசப்படி தாண்டுறவுக ‘போறேன்’னு சொன்னாலே வாயப் பொத்துவோம். ‘போயிட்டு வாரேன்’னுதான சொல்லணும்? இதுல ‘வாரேன்’ இருக்கா, டீச்சர்?”

இல்லை என்று சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. அவரிடம் ஒரு சொல் சிக்கினால், அதன் முப்பாட்டன் வரை விசாரிக்காமல் விடமாட்டார். சக ஆசிரியர்கள் இதற்காகவே அவரைக் கண்டால் நழுவுவார்கள். இன்று அந்தப் பைத்தியம்தான் கைகொடுத்தது.

“பயப்படாதீங்க. நானூறு வருஷத்துக்கு முன்னாடி இது ஒரு முழு வாக்கியம். ‘காட் பி வித் யூ’ன்னு சொல்லுவாங்க. கடவுள் உங்க கூட இருக்கட்டும்னு அர்த்தம். சொல்லிச் சொல்லித் தேஞ்சு, ‘குட் மார்னிங்’ல வர்ற ‘குட்’டும் ஒட்டிக்கிட்டு, இப்படி ஆயிருச்சு. உள்ள இருக்கிறது ஆசீர்வாதம்தான்.”

நாகஜோதியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நெசமாவா?”

“சத்தியமா.”

“இது எல்லாருக்கும் தெரியுமா, டீச்சர்? அஞ்சாப்பு படிச்சவுகளுக்குத் தெரியுமா?”

“எம்.ஏ. படிச்சவங்களுக்கே தெரியாது!” பெருமை தாங்காமல் டீச்சர் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான். நாகஜோதி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. டீச்சர் ஏறவில்லை, அவளருகில் குனிந்து தோளைத் தொட்டார். தான் சிரித்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

“அவருக்கு இந்த அர்த்தம் தெரியாட்டிதான் என்னம்மா? ஏதோ கோவத்துல அனுப்பிட்டாரு. கோவம் ஆறினா அவரே கூப்பிடுவாரு.”

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள்.

“தமிழ்ல எழுதப் பயந்துக்கிட்டு, நாந்தான் அவுகளுக்கு இத இங்கிலீசுல அனுப்புனேன், டீச்சர்.”