றமீஸா ராத்தாவின் கையெழுத்து

எங்கள் ஒழுங்கையில் றமீஸா ராத்தா மட்டும்தான் கையெழுத்து வைக்கவில்லை.

ஏறாவூர்ப் பக்கம் வாவிக்கரையில் அணு மின்நிலையம் வரப்போகிறதாம் என்று ஒரு கதை அடிபட்டது. மகளுக்குப் பத்து மாதம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே அது வேண்டாமென்று எழுதிய மகஜரோடு வீடு வீடாகப் போனேன். சிநேகிதி விதுர்ஷாவும் கூட வந்தாள்.

"கோவிக்காதீங்க புள்ள. நான் வைக்கமாட்டன்," என்றார் ராத்தா.

"வெடிச்சா என்ன செய்யிற ராத்தா?"

"நிலக்கரியும் டீசலும் எரிச்ச புகை மட்டும் இந்தப் புள்ளைக்கு நல்லதா? எண்ணெய்க் கிணத்துக்கு மேல குந்தியிருக்கிற அபுதாபிக்காரனே அணுவில கரண்ட் எடுக்கிறான். வெறும் பயத்தில கையெழுத்து வைக்கேலா."

விதுர்ஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்ன! உங்கட மனிசன் அபுதாபியில. நாளைக்கே பெட்டியைக் கட்டிப் போயிருவீங்க. இங்க கிடந்து சாகப்போறது நாங்கதானே!"

"என்ட மனிசனும்தான் அங்க ஹோட்டலில ஏசி திருத்துறார்," என்றேன் நான். "அதுக்காக நான் ஊரை விட்டுக்குடுத்தனா?"

ராத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"மகளுக்கு வெயில் படுது. கொண்டுபோங்க புள்ள."

அன்றோடு அவருடன் கதைப்பதை விட்டேன். பெருநாளுக்கு அவர் கொடுத்தனுப்பிய இனிப்பு வட்டிலப்பத்தையும் வாங்கவில்லை.

பெருநாளன்று பின்னேரம் என் கணவர் போன் எடுத்தபோது அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

"வட்டிலப்பத்தையா திருப்பி அனுப்பினாய்?"

"ஓம்," என்றேன்.

"இஞ்ச பார். ஏசி வேலை உண்மைதான். ஆனா ஹோட்டலில இல்ல. நானும் ராத்தாட மாப்பிள்ளை நிஸ்தார் நானாவும் வேலை செய்யிறது அணு மின்நிலையத்தில."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்றேன்.

"சொன்னா நீ சோறு தண்ணி எடுக்கமாட்டாய் எண்டுதான் மறைச்சன். ராத்தாவுக்கு முதல்லயே தெரியும். நான் வேணாமெண்டு கேட்டதுக்காக உன்னட்டச் சொல்லல்ல."

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டார்.

"சொல்லிட்டாரா?"

"ஒண்டரை வருஷமா அவங்க அதுக்குள்ள நிக்கிறாங்க ராத்தா! உங்களுக்குப் பயமே வரல்லையா?"

"வராம? மாப்பிள்ளை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தித்தான் இப்ப கொஞ்சம் தெளிவு. முதல் ஆறு மாசம் கண்ணில பொட்டு நித்திரை இல்ல."

"அப்பவே என்னட்டச் சொல்லியிருக்கலாமே!"

ராத்தா மகளை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அவங்க போகக்குள்ள நீங்க புள்ளத்தாச்சி. நாம ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்னகா செய்யிற? நான் ஒருத்தி போதும் எண்டு நினைச்சன்."