ஒரு வாய் ஆற்றுநீர்

உச்சி வெயிலில் உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூச வைக்கின்றன. ஆற்றோரத்து மதகுப் பலகையில் கை வைத்தபடி மரியநேசன் நிற்கிறான். கடல் ஏறி ஆறு கரிக்கிற நேரம் இது. பருவத்தின் கடைசிக் கடற்பெருக்கு இன்று; அதைத் தவறவிட்டால் இந்த வருஷம் உப்பு இல்லை. அவன் பாட்டன் காலந்தொட்டு, வீட்டுப் பெண் ஒரு வாய் ருசி பார்த்து, கரிப்புத் தாங்காமல் துப்பிய பிறகுதான் பாத்திக்கு நீர் விடப் பலகை எழும்பும். அவன் மனைவி யூலிற்றா முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். ஆற்றின் மேல்புறத்துப் புதுக் குடியேற்ற வயல்களிலிருந்து கழிந்த நீரோடு ஒரு நெல் நாற்று பச்சையாக மிதந்து வந்து அவள் சேலைக் கரையில் ஒட்டுகிறது. அவள் ஒரு கை அள்ளி வாயில் விடுகிறாள்.

“என்ன மாதிரி? தூக்கட்டே?”

அவள் துப்பவில்லை.

“தூக்காதேங்கோ.”

குனிந்து இன்னொரு கை அள்ளி, தாகம் தீரக் குடிக்கிறாள்.