எட்டு மணி வெயில்

"அக்கா, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"அப்புறம் சொல்லுடா ஆர்வித். முதல்ல இதைக் கேளு." பிரிட்டா விருந்து மேசையைச் சுற்றியிருந்த உறவினர் பக்கம் திரும்பினாள். "நம்ம ஏரியில நீச்சல் சொல்லிக்குடுத்தானே ரூனே, அவனை நிறுத்தியாச்சு. நான்தான் நீச்சல் சங்கத்துல பேசி நிறுத்தினேன். பைபோலார்னு ஏதோ மனநோயாம். இன்னிக்குச் சிரிப்பான், நாளைக்கு என்ன பண்ணுவானோ. அவனை நம்பிப் பிள்ளைங்களைத் தண்ணில விட முடியுமா?"

முடியாது என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆர்வித் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினான். பிறகு நான்காக வெட்டினான்.

"எட்டு மணியாச்சு, கிளம்பலாமா?" என்று அவன் மனைவி லோவிசா எழுந்தாள்.

இரவு எட்டு மணிக்கும் ஏரியின்மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பூச்சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆட்டம் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. ஸ்ட்ராபெரி கேக் இன்னும் வெட்டப்படவில்லை.

ஆர்வித் முள்கரண்டியை வைத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைபோல் எழுந்துகொண்டான்.

பிரிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூரியனே சரியாக மறையாத நடுவேனில் திருநாளன்று சுவீடனில் எவன் தூங்குவான்? கைக்குழந்தைகூடக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது. ஐம்பதைத் தொடும் தம்பியை மட்டும் ஒருத்தி படுக்கைக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள்.

"பல்லையும் நீயே தேய்ச்சு விடுவியா லோவிசா, இல்ல அதையாவது அவனே செஞ்சுக்குவானா?"

மேசை முழுதும் சிரித்தது. லோவிசாவும் சிரித்தாள்.

"எனக்குத்தான் தூக்கம் வருது அண்ணி. துணைக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"போன வருஷம் தலைவலி. அதுக்கு முன்னாடி முதுகுவலி. நடுவேனில் வந்தா உனக்கும் ஏதாவது வந்துடும்."

கணவனும் மனைவியும் பிர்ச் மரங்களுக்கிடையே தங்கள் கோடை வீட்டை நோக்கி நடந்தார்கள்.

"கல்யாணமான புதுசுல எப்படி இருந்தான் தெரியுமா?" என்றாள் பிரிட்டா. "ஒரு நடுவேனிலுக்கு ரெண்டு ராத்திரி தூங்காம ஆடினான். ஆடி முடிச்சுட்டு நேரா போய் ஒரு படகு வாங்கிட்டு வந்தான். அவன்தான் என் தம்பி. இலையுதிர்காலம் வந்தப்ப ஆள் படுக்கையை விட்டே எந்திரிக்கல. இவ அவனை அந்த மாதிரி ஒடுக்கிட்டா."

சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. இரண்டு துண்டு கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கேக் ஒரு சாக்குத்தான். இன்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

லோவிசா ஸ்டூலின்மேல் நின்று, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே கறுப்புப் போர்வையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓ, இருட்டுல வேற அடைக்கிறியா? அவன் என்ன மனுஷனா, கோழியா?"

"மெதுவா பேசுங்க அண்ணி."

"ஏன் மெதுவா பேசணும்? என் தம்பியோட வாழ்க்கையை நீ..."

ஆர்வித் வாசலுக்கு வந்தான். கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

"போர்வையைக் கட்டச் சொன்னது நான்தான் அக்கா. எட்டு மணிக்கு என்னைக் கிளப்பிட்டு வரச் சொன்னதும் நான்தான்."

"நீயா?"

"ஒரு ராத்திரித் தூக்கம் தப்பினா எனக்கு ஊரையே விலைக்கு வாங்கலாம்போல இருக்கும். அப்படித்தான் படகு வாங்கினேன். அப்புறம் கீழ விழுந்தா எந்திரிக்க முடியாது. மாத்திரை பாதி, கடிகாரம் பாதி. சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு நடந்தாத்தான் நான் நானா இருப்பேன். ரூனேவுக்கு இருக்கறதுதான் எனக்கும்."

பிரிட்டாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. லோவிசா எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, இவ தலைவலி, முதுகுவலி எல்லாம்..."

"இவளுக்கு ஒரு வலியும் கிடையாது. 'என்னைப் பிசாசுன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், உங்களைப் பைத்தியம்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது'ன்னா."

பிரிட்டாவின் கோபம் அடங்கவில்லை. அது தம்பியின்மேல் திரும்பியது.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம்டா. நான் உன்கூடப் பிறந்தவ. என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லிடலாம்னுதான் இன்னிக்கு வாயெடுத்தேன் அக்கா," என்றான் ஆர்வித். "அதுக்குள்ள நீ ரூனே கதையை ஆரம்பிச்சுட்ட."